பேர் எழுதாத பாட்டிலும் பெரிய படிப்பும்

வாடே, வா. புதுக் கோட்டு போலுக்கே? வெள்ளை வெளேர்னு இருக்கு. பாக்கெட்டுல பேரு வேற தச்சிருக்கு. போட்டோ எடுத்தாச்சா? ஊருக்கு அனுப்பியாச்சா? சந்தோசம். இப்ப அதைக் கழத்தி வச்சிட்டு கேண்டீனுக்குப் போ. ஏன்னா கேக்கே? லேப்புல தெறிச்சது, வழிஞ்சது எல்லாம் அதுலதான் இருக்கும். அதோட போயி வடைத் தட்டு மேல சாஞ்சா, பக்கத்துல உக்காந்து திங்குதவன் என்ன பாவம் பண்ணான்?

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல அட்டெண்டரா இருந்து தலை நரைச்சவன். எத்தனையோ பேரு என் கண் முன்னால டாக்டர் பட்டம் வாங்கினாங்க. வந்த அன்னிக்கு ஒருத்தருக்கும் பீக்கர் கழுவத் தெரியாது. போன அன்னிக்கும் சிலபேருக்குத் தெரியல. அவங்க இப்ப நல்ல நல்ல எடத்துல இருக்காங்க. பீக்கரை வேற எவனோ கழுவுதான்.

நீ சேஃப்டி ட்ரெயினிங் எல்லாம் முடிச்சவன்னு கேள்விப்பட்டேன். ஆன்லைன்ல இருவது கேள்வி, எல்லாத்துக்கும் 'ஆமா', கடைசியில சர்டிஃபிகேட்டு. பெரிய ஆளுதான். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கண் கழுவுத குழாய் எங்க இருக்கு? முழிக்காதே. அந்தா, 'பாதுகாப்பே முதல்'னு போஸ்டர் ஒட்டியிருக்குல்லா, அதுக்குக் கீழ. உங்க கிளாஸ்வேர் வந்த அட்டைப்பெட்டிக்குப் பொறத்தால. கண்ணுல ஆசிட் பட்டவன் கால் மணி நேரமாவது ஓடுத தண்ணியில கண்ணைக் கழுவணும். பார்வை தெரியாம வாரவன், முதல்ல உன் பெட்டியத் தடவி நகத்தி வச்சிட்டுக் கழுவணுமாக்கும்? தீயணைக்கிற சிலிண்டரு எங்கன்னு கேளு. கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுத்து நிக்கு. நல்ல உத்தியோகம்.

ஆயுத பூசை அன்னிக்கு வந்து பாக்கணும் உங்க பக்தியை. பேலன்ஸுக்குச் சந்தனம், சென்ட்ரிஃப்யூஜுக்குக் குங்குமம், ஓவனுக்குப் பூமாலை. சூடத்தை எங்க கொளுத்துதானுவ? சட்டுனு தீப்பிடிக்குத ஈதர் இருக்க அலமாரிக்கு முன்னால. மறுநாளு அதே பேலன்ஸ் தட்டுல பொடியச் சிந்திட்டுத் துடைக்காமப் போறான். பொட்டு வச்ச கைக்கு ஒரு பிரஷ் எடுத்துத் தட்டத் தெரியாதா? உனக்குப் பொறவு எடை போட வாரவன், அது என்ன பொடின்னு கண்டானா?

பொடின்னதும் ஞாபகம் வருது. நேத்து நீ ஒரு குப்பியில 'ஏ-3'ன்னு எழுதி வச்சே பாத்தியா, அது என்னடே? உனக்குத் தெரியும், உன் நோட்டுக்குத் தெரியும். நீ தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டா? வீட்டு அடுக்களையில பேர் எழுதாத டப்பாவுல உப்பா சீனியான்னு நாக்குல ஒரு துளி வச்சுப் பாத்துக்கிடலாம். இங்க எவன் நாக்கைக் கடன் வாங்குவே?

நாக்குல பட்டும் பொழச்ச ஆளு ஒருத்தரு உண்டு. ஃபால்பெர்க்னு பேரு. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டி லேப்புல, 1879ல, நிலக்கரித் தாருல இருந்து வார சாமான வச்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு நா ராத்திரி சரியா கை கழுவாமச் சாப்பிட உக்காந்தா, ரொட்டி இனிக்கு. அதான் சீனிக்குப் பதிலா போடுத சாக்கரின். உங்க வாத்தியாரு இந்தக் கதையச் சொல்லிட்டுச் சிரிப்பாரு, நீயும் சிரிப்பே. அவரு கையில ஒட்டினது வேற ஏதாவதா இருந்திருந்தா? பாடப் புஸ்தகத்துல பேரு வந்திருக்காது, வீட்டுச் சுவத்துல மாலையோட படந்தான் தொங்கியிருக்கும். அதிர்ஷ்டக்காரன் கதையத்தான் ஊரு சொல்லும். மத்தவன் கதையச் சொல்ல அவன் இருக்கணும்லா?

கிளவுஸ் போட்டிருக்கேன்னு மிதப்புல திரியாதே. டார்ட்மவுத் காலேஜுல கேரன் வெட்டர்ஹான்னு ஒரு அம்மா, பெரிய புரொபசர். 1996ல டைமெத்தில் மெர்க்குரிங்குத பாதரச மருந்தை எடுத்தாங்க. கிளவுஸ் போட்டு, பொகை இழுக்குத ஹூட்டுக்குள்ள வச்சு, மொறையாத்தான் செஞ்சாங்க. சில சொட்டு கிளவுஸ் மேல விழுந்தது. அது லேடெக்ஸ் கிளவுஸ். கிழியல, ஓட்டை விழல. அது வழியாவே பாதரசம் உள்ள போயிருக்கு. மாசக்கணக்குல ஒண்ணும் தெரியல. 1997 ஜூன்ல அந்த அம்மா தவறிட்டாங்க. கண்ட கிளவுஸ் கண்ட சாமானுக்கு ஆகாதுன்னு உலகத்துக்கு அப்பந்தான் ஒறைச்சுது.

அவ்வளவு தெரிஞ்ச அம்மாவுக்கே அந்த கதி. நீ என்ன பண்ணுதே? அதே கிளவுஸோட கதவைத் திறக்கே, லிஃப்ட்டு பட்டனை அமுக்குதே, போனை எடுத்துக் கன்னத்துல வச்சு 'சொல்லும்மா'ங்கே. உன் கையை கிளவுஸ் காப்பாத்துது, சரி. கதவுப் பிடியை வெறுங்கையால தொடுத கூட்டுற அக்காவ யாரு காப்பாத்துவா?

கோட்டு போட்டா வேர்க்குதுன்னு கழத்தி நாற்காலி முதுகுல மாட்டுதே. நாற்காலி ரொம்பப் பத்திரமா இருக்கு. 2008 டிசம்பர்ல கலிபோர்னியா யுனிவர்சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் லேப்புல, காத்துப் பட்டாலே பத்திக்கிற ஒரு லித்தியம் மருந்தை சிரிஞ்சுல இழுத்திருக்கா 23 வயசுப் பிள்ளை. சிரிஞ்சோட தண்டு கழண்டு வந்துட்டு. மேல கோட்டு இல்ல. ஸ்வெட்டருல தீ பிடிச்சு, பதினெட்டே நாளுல போயிட்டா. நம்மூருல ஸ்வெட்டரு கெடையாது, துப்பட்டா உண்டு. அதைக் கோட்டுக்குள்ள அடக்கு, அவுந்த முடியக் கட்டு, ரப்பர் செருப்பை வாசலோட விடுன்னு சொன்னா, 'தாத்தா ஓல்டு'ங்குதுவ. தீக்கு ஃபேஷன் தெரியாதுடே.

ஹூட்டுக்கு வாருவோம். அது என்னத்துக்கு? பொகையை வெளிய இழுக்கதுக்கு. நீங்க அதை என்ன ஆக்கி வச்சிருக்கீங்க? காலிப் பாட்டிலு, பழைய பேப்பரு, போன வருசம் போனவன் விட்டுட்டுப் போன ஃபிளாஸ்கு எல்லாம் அதுக்குள்ளதான். இழுக்க வேண்டிய காத்துக்கு எடம் எங்க? கண்ணாடியை மேல தூக்கி விட்டுட்டு, தலையை உள்ள நீட்டிப் பாக்கான் ஒருத்தன். பொகை போற வழியில தலையக் குடுத்தா ஹூட்டு எதுக்குடே?

ஃப்ரிட்ஜு கதை இன்னும் சொகம். மேல் தட்டுல குளோரோஃபார்ம், நடுவுல ஈதர், கீழ தயிர்ச்சாதம். வீட்டுக்கு வாங்குத சாதா ஃப்ரிட்ஜுக்குள்ள ஈதர் ஆவி சேந்தா, உள்ள சுவிட்சு போடுத ஒரு பொறி போதும், கதவு பறந்துரும். தயிர்ச்சாதம் எந்தத் தட்டுல இருந்தா என்ன அப்பறம்?

வேஸ்ட் பாட்டிலையும் சொல்லிருதேன். நைட்ரிக் ஆசிட் மிச்சத்தை, அசிட்டோனும் ஸ்பிரிட்டும் கிடக்க பாட்டிலுல ஊத்தி, மூடிய இறுக்கித் திருகிட்டு வீட்டுக்குப் போறான் மகராசன். உள்ள வாயு பொங்கிக்கிட்டே இருக்கும். வெடிக்கையில அவன் மெஸ்ஸுல புரோட்டா பிச்சுக்கிட்டு இருப்பான். பக்கத்து மேசைக்காரன் மூஞ்சியிலதான் கண்ணாடி. பாத்தியா, இந்த எடத்துல தப்பு பண்ணுதவன் ஒருத்தன், தண்டம் கட்டுதவன் இன்னொருத்தன். உனக்குத் தைரியம் இருக்கலாம் தம்பி. அடுத்தவன் கண்ணை வச்சு எதுக்கு வீரம் காட்டுதே?

ராத்திரி முழுக்க ரிஃப்ளக்ஸுன்னு மருந்தைக் கொதிக்க விட்டுட்டு ரூமுக்குத் தூங்கப் போறே. ஆவியைக் குளுர வைக்குத கண்டென்சருக்கு வாரது குழாய்த் தண்ணி. நம்ம டேங்கு எப்ப காலியாகும்னு டேங்குக்கே தெரியாது. கரண்டு போகும், வரும். வந்ததும் அடியில சூடு குடுக்குத மேன்டில் தன்னால சூடாகும், தண்ணி தன்னால வருமா? இல்லன்னா ரப்பர் டியூபு கழண்டு, கீழ்மாடிக்காரன் மெஷினுக்கு மேல மழை. காலையில வந்து 'சாரி'ங்கே. சாரி சொன்னா மெஷின் காயுமா? தண்ணி நின்னா சூட்டை அணைக்க ஒரு ஏற்பாடு பண்ணு. டியூபைக் கம்பி போட்டுக் கட்டு. என்ன கொதிக்கு, யாருது, போன் நம்பர் என்னன்னு ஒரு தாளுல எழுதி ஒட்டு. பக்கத்துல ஒரு ஆளுட்ட சொல்லிட்டுப் போ. அதுக்கெல்லாம் பட்டம் வேண்டாம்.

மைக்ராஸ்கோப்பை காலையில இருந்து சாயங்காலம் வரை உன் பேருல எழுதி வச்சிட்டு, பன்னெண்டு மணிக்கு வந்து அரை மணி நேரம் பாத்துட்டுப் போற பழக்கத்தையும் விட்டுரு. வடிநீர் கேனைக் காலி பண்ணினா நிரப்பி வை. இதையெல்லாம் சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. கேக்க உனக்கு?

சரி, நேரமாச்சு. கடைசியா ஒண்ணு. அஞ்சு வருசம் கழிச்சு நீ தீசிஸ் போடுவே. கைடு படிப்பாரு, எக்ஸாமினர் புரட்டுவாரு, பொறவு லைப்ரரியில தூசி படிக்கும். ஆனா அந்த 'ஏ-3' குப்பி மேல என்ன மருந்து, என்னிக்குப் போட்டது, யாரு போட்டது, தொட்டா என்ன ஆகும்னு நாலு வரி எழுதிப் பாரு. வாரவன் ஒவ்வொருத்தனும் படிப்பான். ஒருத்தனாவது உன்னை வாழ்த்துவான். பேனா இருக்கா? இந்தா, என் பேனா. திருப்பிக் குடுத்துரணும், ஆமா.