கச்சான் ஓயும் வாரம்: தூத்துக்குடியில் கரையேறும் தம்பதியர் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கடலோடிகளைப் பற்றி நூல்கள் ஏராளம். காற்று, நீரோட்டம், விண்மீன், சரக்கு, சுங்கம், கொள்ளை என எதையும் அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. கலம் கரை சேர்ந்தபின் கடலோடியும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பவே இக்கட்டுரை. நிரம்பியதா என்பதை மணமானவர்கள் சொல்லட்டும்.

2. முன்னோர் விட்ட இடம்

கி.பி. முதல் நூற்றாண்டுக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்று எழுதிவைத்தது. கைதியின் மனைவி என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வந்த கப்பல்களைக் கவனித்தார். மாலுமிகளின் குடும்பங்களைக் கவனிக்கவில்லை. குதிரைகளுக்குக் கிடைத்த மதிப்பு அது.

நம் பொருளுக்கு மிக அருகில் வந்தவர் இப்னு பதூதாதான். 1343இல் மாலத்தீவுக்குப் போன அவர், அங்கே கப்பல் வந்தால் மாலுமிகள் மணம் முடிப்பார்கள், கப்பல் புறப்படும்போது மணவிலக்குச் செய்துவிடுவார்கள் என்று பதிவு செய்தார். வெறும் பதிவோடு நிற்காமல் தாமும் அங்கே பல மணங்கள் செய்து ஆய்ந்தார். களப்பணியில் இந்த ஈடுபாடு இன்றைய முனைவர் பட்ட மாணவர்களிடம் அருகிவிட்டது. ஆனால் அவர் முறையில் ஒரு குறை உண்டு: தங்கல் முடிந்ததும் தம்பதியும் முடிந்துவிடுவதால், ஒரே தம்பதி மறுபடி மறுபடி கரையில் சந்திப்பதால் வரும் விளைவுகளை அவரால் அளக்க முடியவில்லை. அதற்குத் தூத்துக்குடிக்குத்தான் வரவேண்டும்.

3. இரு வகைத் தம்பதியர்

முதல் வகை, வடகடல் தம்பதியர். நார்வே, ஸ்காட்லாந்துக் கரையோரங்களில் கோடையில் பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்துபவர்கள். படகின் உள்ளறை நம் லைன் வீட்டு முன்னறை அளவுதான். அதற்குள் சமையல், படுக்கை, வரைபடம், நனைந்த சட்டை, மனஸ்தாபம் அனைத்தும் அடக்கம். ஆகவே துறைமுகம் கண்டதும் கணவர் இயந்திர எண்ணெய் வாங்க ஒரு பக்கம் போவார். அம்மையார் துணி துவைக்க இன்னொரு பக்கம் போவார். பிரிந்திருப்பதற்காகவே கரையேறுகிறார்கள்.

இரண்டாம் வகை, தூத்துக்குடித் தோணித் தம்பதியர். தோணியைச் செலுத்தும் தண்டல் முன்பு கொழும்புக்குப் போனார். சுமார் 150 கடல் மைல். இப்போது காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறார். இன்றைய தோணியில் இயந்திரம் உண்டென்றாலும் பதிவேட்டில் அது பாய்மரக் கலமே. அதில் மனைவிக்கு இடமில்லை. ஆகவே அவர்கள் சேர்ந்திருப்பதற்காகவே கரை இருக்கிறது.

இதிலிருந்து முதல் விதி பெறப்படும்: கடலில் சேர்ந்திருப்போர் கரையில் பிரிவர், கடலில் பிரிந்திருப்போர் கரையில் சேர்வர்.

இரு வகையிலும் சேராத ஒரு கலம் உண்டு. வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, அதற்குத் தம் மனைவி ஃபுளோரன்ஸின் பெயரைச் சூட்டினார். தமிழ் மாலுமிகளோடு புறப்பட்ட அது 1938இல் வட அட்லாண்டிக் கரையிலுள்ள குளோசெஸ்டரை அடைந்தது. மனைவியைக் கலத்தில் ஏற்றுவது, கரையில் விடுவது என்ற இரண்டுக்கும் அப்பால், மனைவியையே கலமாக்கிவிடுவது என்ற மூன்றாம் வழியும் இருக்கிறது என்பதற்கு இது சான்று. செலவு அதிகம் என்பதால் பரிந்துரைக்கவில்லை.

கப்பலில் ஒன்றாகப் போன சாதாரணத் தம்பதியரையும் சேர்க்க எண்ணினோம். 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடத் தொடங்கிய ஸ்கோஷியா பிரின்ஸ் அந்த நவம்பரிலேயே நின்றுவிட்டதால் மாதிரி போதவில்லை.

4. ஒரு கேள்வியும் மூன்று சுருதிகளும்

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கச்சான் என்ற காற்று பலமாக வீசும். தோணிகள் பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். பழுது பார்ப்பார்கள், பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடிப்பார்கள். தண்டல் வீட்டில் இருப்பார். இதுவே ஆண்டின் நீண்ட தங்கல்; ஆய்வுக்கு உகந்ததும் இதுவே.

இக்காலம் முழுவதும் வீட்டம்மாள் கேட்பது ஒரே கேள்விதான்: “ஏங்க, கச்சான் ஓய்ஞ்சிருச்சா?”

முதல் வாரங்களில் இதன் சுருதி தாழ்ந்திருக்கும். ஓய்ந்துவிடக் கூடாதே என்ற கவலை அதில் தொனிக்கும். அவர் கொண்டுவந்த மாசிக் கருவாடு சம்பலாகி, அண்டை வீடுகளுக்கும் போய்ச்சேரும் காலம் அது.

ஜூலை 26இல் பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறுகிறது. ஆகஸ்ட் 5இல் பெருவிழா. பனியே விழாத ஊரில் பனிமாதா எப்படி என்று கேட்கும் வடகடல் ஆய்வாளருக்கு, ரோமாபுரியிலும் அந்தப் பனி கடும் கோடையில்தான் பெய்ததாக ஐதீகம் என்பதை நினைவூட்டுகிறோம். இந்தப் பதினொரு நாளும் தம்பதியர் சேர்ந்தே வெளியே போவார்கள். பிள்ளைகளுக்கு வளையல், பலூன், பஞ்சு மிட்டாய். கேள்வி இப்போது வெறும் வானிலைச் செய்தி.

விழா முடிந்த மறுவாரம் சுருதி உச்சத்துக்குப் போகிறது. அதற்குள் தண்டல் அடுப்படி டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கியிருப்பார். கொடிக்கயிற்றை அவிழ்த்து மாலுமி முடிச்சில் மறுபடி கட்டியிருப்பார். தோணியில் பத்துப் பேருக்கு உத்தரவிட்ட குரலுக்கு வீட்டில் ஆள் போதாது. “கச்சான் ஓய்ஞ்சிருச்சா?” என்பது இப்போது பிரார்த்தனை.

இரண்டாம் விதி: கரைத்தங்கலின் உகந்த நீளத்தைக் காற்று தீர்மானிப்பதில்லை, டப்பாக்கள் தீர்மானிக்கின்றன.

5. உணவியல் சான்று

தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றால் ஆனது. போர்ச்சுகீசியத் தொடர்பில் வந்ததாகக் கருதப்படுவது. எண்ணெயோ தண்ணீரோ சேராததால் காற்றுப் புகாமல் வைத்தால் பல நாள் கெடாது. மனைவி அதை வாங்கி வைக்கத் தொடங்கினால் புறப்பாடு நெருங்குகிறது என்று பொருள். அந்த முட்டைகளின் மஞ்சள் கருவெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் எங்களை உறங்கவிடவில்லை.

வடகடல் தம்பதியர் இங்கு வந்தால் ஓர் எச்சரிக்கை: இவ்வூரில் புரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பெயர். கோட்டும் நடன உடையுமாகப் போனால் சால்னா தெறிக்கும். எனினும் தனித்தனியே கரையேறிய அவர்கள் அங்கே ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காரவேண்டியிருக்கும். முதல் விதிக்கு நாங்கள் எதிர்பார்க்கும் ஒரே விலக்கு இது.

6. ஒரு மறுப்பும் விடையும்

டப்பாவை வைத்து இல்லறத்தை அளக்கலாமா, நம்பிக்கையை அல்லவா அளக்க வேண்டும் என்று சிலர் மறுக்கலாம். இதற்கு இக்கரையின் விடை பழையது. முத்துக்குளிப்பவர் கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்கும்போது மேலே கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானை வைப்பது வழக்கம் என்பார்கள். உடன்பிறந்தாளைக் கைம்பெண்ணாக்க எந்த மச்சானும் துணியமாட்டான். ஆக, நீருக்கடியிலும் மனிதனின் மூச்சு மனைவி வீட்டார் கையில்தான் இருந்திருக்கிறது. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. கயிறு விடப்பட்டதாகத் தகவல் இல்லை.

7. முடிபு

இரு கடல்களின் தம்பதியரும் ஒரே உண்மையைத்தான் மெய்ப்பிக்கிறார்கள்: பிரிவுக்கும் சேர்க்கைக்கும் அளவு உண்டு, அந்த அளவு தீரும் நாளில்தான் காற்று சாதகமாகிறது.

இது கடலோடிகளுக்கு மட்டும் உரியதன்று. நீண்ட விடுமுறையில் வீட்டிலிருக்கும் வாசகரிடம், “ஏங்க, ஆபீஸ் எப்பத் திறக்கும்?” என்று யாராவது கேட்டால், தேதியைச் சொல்வதற்கு முன் சுருதியைக் கவனியுங்கள். உச்சத்தில் இருந்தால் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.