ஓசிக் கப்பல் மாமா

"ஹவ் மச்?" என்று கேட்பார். வாங்க மாட்டார்.

நியூஜெர்ஸிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வருகிற அப்பா அம்மாக்கள் இவரிடம் ஒரு சனிக்கிழமையாவது மாட்டாமல் ஊர் திரும்பியதில்லை. யாருக்கோ பெரியப்பா, யாருக்கோ சம்பந்தி வகை. எனக்கு, அம்மாவின் சித்தப்பா மகன் என்ற முறையில், மாமா. ஊரில் யார் விமானம் ஏறினாலும் இவருக்குத் தகவல் போய்விடும். வந்தவர்களுக்குத் தூக்கக் கலக்கம் தெளிவதற்குள் போன் அடிப்பார்.

"அக்கா, சனிக்கிழமை சுதந்திர தேவி. ஒத்தப் பைசா செலவில்ல. தயிர்சாதம் மட்டும் கட்டிக்கிடுங்க."

செலவில்லை என்பது பொய்யில்லை. மன்ஹாட்டனின் தெற்கு நுனியில் இருக்கும் வொயிட்ஹால் துறையிலிருந்து எதிரே ஸ்டேட்டன் தீவுக்கு ஆரஞ்சு நிறக் கப்பல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஐந்து மைல் சொச்சம், 25 நிமிடம். வேலைக்குப் போகிறவர்களுக்காக நகர நிர்வாகம் விடுவது. சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவைத் தாண்டித்தான் போகும், நிற்காது. 1972 வரை ஐந்து சென்ட் கட்டணம். பிறகு ஏறி ஏறி, போக வர அரை டாலராக இருந்ததை 1997 ஜூலை 4 முதல் இலவசமாக்கிவிட்டார்கள். மாமா அமெரிக்கா வந்து இறங்கியது 1996. அந்த ஒரு வருஷம் கொடுத்த அரை டாலர்களை இன்றைக்கும் துக்கத்தோடுதான் சொல்லுவார்.

இலவசக் கப்பல் என்றால் நேரே போய் ஏற வேண்டியதுதானே? மாட்டார். முதலில் பக்கத்திலிருக்கும் பேட்டரி பூங்காவுக்குக் கூட்டிப்போவார். சிலைத் தீவில் இறக்கிவிடுகிற கட்டணப் படகு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதைச் சுற்றி, கலர் சட்டை மாட்டிக்கொண்டு டிக்கெட் விற்கிறவர்கள் நிற்பார்கள். அவர்களிடம் இவராகப் போவார்.

"ஹவ் மச்?"

அந்தப் பையன் முகம் மலர்ந்து, அட்டையை விரித்து, ஒவ்வொன்றாகச் சொல்லுவான். மாமா முழுக்கக் கேட்பார். முதியோருக்குத் தள்ளுபடி உண்டா? மகுடம் வரை ஏற விடுவீர்களா? எத்தனை மணிக்குக் கடைசிப் படகு? பின்னால் நிற்கிறவர்கள் கால் மாற்றி நிற்க ஆரம்பித்த பிறகு, எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் அறிவிப்பார்.

"தலைக்கு இருபத்தஞ்சு டாலர். நாலு பேருக்கு நூறு. எண்பத்தஞ்சால பெருக்குங்க. எட்டாயிரத்து ஐந்நூறு! இப்ப நமக்கு மிச்சம்."

பையனிடம் தேங்க்யூ சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். ஏன் மாமா, வாங்காத டிக்கெட்டுக்கு விலை எதற்கு என்று நான் ஒரு தடவை கேட்டேன். "விலை கேட்டாத்தானே மாப்ளே மிச்சம் எவ்வளவுன்னு தெரியும்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இந்தக் கணக்கை ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும், அப்புறம் அதற்கு எல்லையே கிடையாது. வழியில் சூடான பிரெட்ஸல் விற்கும் வண்டி: விலை கேட்பார், மிச்சம். பெடல் ரிக்‌ஷா: பத்து நிமிடத்துக்கு என்ன கேட்கிறான் என்று விசாரிப்பார், பெரிய மிச்சம். ஆற்றங்கரையில் ஹெலிகாப்டர் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே மட்டும் எங்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, தலைமுடியைக் கையால் கோதிக்கொண்டு, தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அன்றைய மிச்சம் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வீடு திரும்பும் வரை விசில் அடித்துக்கொண்டே வந்தார்.

இலவசக் கப்பலுக்கே டிக்கெட் விற்கும் எத்தர்களும் அந்தப் பக்கம் உண்டு. விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் ஏமாந்து வாங்கியும் இருக்கிறார்கள். அப்படி ஒருவன் கிடைத்துவிட்டால் மாமாவுக்குத் தீபாவளி. கடைசி வரை பேரம் பேசி, இருபதைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, "பட் இட் இஸ் ஃப்ரீ" என்பார்.

கப்பலுக்குள் வேறு ஆள். கதவு திறந்ததும் வலது பக்கத் தளத்துக்கு ஓடி, கம்பியோரம் துண்டு போடாத குறையாக இடம் பிடிப்பார். பஸ்ஸில் போட்டுப் பழகிய கை. ஸ்டேட்டன் தீவுத் துறையான செயின்ட் ஜார்ஜில் எல்லாரும் இறங்கித்தான் திரும்ப ஏற வேண்டும் என்பது விதி. அங்கே அவர் விரட்டுகிற விரட்டில், ஸ்டேட்டன் தீவில் என் உறவினர்கள் அத்தனை பேரும் தங்கியது ஆளுக்கு ஐந்து நிமிடம்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. போன மே மாதம் அம்மா வந்திருந்தபோது நடந்தது அப்படியில்லை.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நியூஜெர்ஸியிலிருந்து வரும் பாத் ரயில் எங்களை வேர்ல்ட் டிரேட் சென்டரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து துறைக்கு சப்வேயில் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் போதும். எனக்கு அன்று ஆபீஸ் போன் ஒன்று வந்துவிட, நான் பின்தங்கினேன். முன்னால் போன மாமா, "ரெண்டு ஸ்டேஷனுக்கு ஆளுக்கு மூணு டாலரா? காத்தாட நடப்போம்க்கா" என்று கூட்டிப்போய்விட்டார். அவருக்குக் கால் மணி நேர நடை. அம்மாவுக்கு முக்கால் மணி நேரம். நான் துறையில் பார்த்தபோது அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் வீக்கம் வடியவில்லை. எடிசனில் இரண்டு வீடு வைத்திருக்கிற மனிதர். ஒன்றிலிருந்து வாடகையும் வருகிறது. அந்த மூன்று டாலரை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

கப்பலில் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. சிலை வந்தது. மாமா கைநீட்டி, பீடத்தோடு 305 அடி, 1886ல் திறந்தது என்றார். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அந்தத் தூரத்தில் தேவி அவள் கட்டைவிரல் உயரம்கூட இல்லை.

"தம்பி, கிட்டக்க எப்ப போகும்?"

"கிட்டப் போகாதுக்கா. இங்கேருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியும்."

"கன்னியாகுமரில வள்ளுவர் செல 133 அடி. போட்டுல கொண்டுபோயி எறக்கிவிட்டான். பாதம் வரைக்கும் படியேறிப் போயி தொட்டுக் கும்பிட்டேன். இங்க எறக்கிவிட மாட்டானாமா?"

மாமா பதில் பேசவில்லை. தயிர்சாத டப்பாவைத் திறந்தார்.

இருபத்தெட்டு வருஷத்தில் இவர் அந்தச் சிலைத் தீவில் கால் வைத்ததேயில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திரும்பும் வழியில் கேட்டேன். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் இல்லாமல் இந்தக் கப்பலில் மாற்றி மாற்றிப் போய் வந்துகொண்டிருந்தாராம். "இறங்கச் சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்" என்றார். அதோடு பேச்சை மாற்றி, எதிரே ஒருவர் கையிலிருந்த பீர் என்ன விலை என்று விசாரிக்கப் போய்விட்டார்.

அம்மா ஊருக்குப் போய், அமெரிக்காவில் ஒரு பொம்மையைத் தூரத்தில் காட்டினார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

இந்த வருஷம் மறுபடி வருகிறாள். மாமாவுக்குத் தெரியாமல் கட்டணப் படகுக்கு டிக்கெட் போட்டேன். எப்படியோ மூக்கில் வியர்த்து, அன்று ராத்திரியே போன் வந்தது.

"எவ்வளவு?"

சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. பெருக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் சேத்துப் போட்டிருக்கியா மாப்ளே?"

அப்போது போட்டிருக்கவில்லை. போனை வைத்ததும் போட்டேன். சப்வேயில்தான் போகிறோம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் பங்கு இருபத்தைந்து டாலர் இன்னும் வரவில்லை.