பணம் மட்டும் வரட்டும்

தாய்நாட்டுப் பாசம் என்றால் என்னவென்று தென்கொரியாவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஜப்பானிலிருந்து யென் வந்தால் மாலை மரியாதை. அனுப்பியவர் வீட்டுப் பிள்ளை வந்தால் கைவிலங்கு.

ஜப்பானும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. கொரியா தன் காலனியாக இருந்தபோது சுரங்கத்துக்கும் ஆலைக்கும் உழைத்து, அங்கேயே தங்கிவிட்ட கொரியர்களிடமிருந்து 1952இல் குடியுரிமையைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு அந்நியர்களாகக் கைரேகை வைக்கும் பாக்கியத்தை அருளியது. வங்கிகள் கடன் தர மறுத்தன. எனவே அவர்கள் பழைய இரும்பு பொறுக்கினார்கள், இறைச்சி சுட்டு விற்றார்கள், பச்சிங்கோ சூதாட்டக் கடை போட்டார்கள். வேறு வழியை அடைத்தவர்களே, "இவர்களுக்கு இந்தத் தொழில்தான் வரும்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்தப் பணம் கடல் தாண்டியதும் கமகமவென்று மணந்தது. ஒசாகாவில் நூற்பாலை நடத்திய சோ கப்-ஹோ, டோக்கியோவின் பணக்காரப் பகுதியில் நிலம் வாங்கி, 1962இல் தென்கொரியத் தூதரகத்துக்கென எழுதிவைத்தார். ஆமாம், ஓர் அரசு தன் குடிமகனிடமிருந்து மனைக்கட்டு தானம் வாங்கியது. ஜப்பானில் சூயிங் கம் விற்று உயர்ந்த ஷின் கியோக்-ஹோ 1967இல் தன் லோட்டே நிறுவனத்தைச் சியோலுக்குக் கொண்டுவந்தார். ஒசாகாவின் சுருஹாஷி சந்தையில் வளர்ந்த லீ ஹீ-கொன் தலைமையில் சுமார் 340 பேர் 2,500 கோடி வொன் திரட்டி, 1982இல் ஷின்ஹான் வங்கியைத் திறந்தார்கள். கடன் கேட்டுப் போன வாசலில் துரத்தப்பட்டவர்கள் தாய்நாட்டுக்கு வங்கியே வைத்துக் கொடுத்தார்கள். சியோல் ஒலிம்பிக்குக்கோ சுமார் 1,000 கோடி யென் நன்கொடை.

வாங்கிய கை சும்மா இருக்குமா? 1975 நவம்பரில், தாய்நாட்டில் படிக்க வந்த ஜப்பான் கொரிய மாணவர்களைப் பிடித்து, "வடகொரிய ஒற்றர்கள்" என்று அறிவித்தது அதிபர் பார்க் சுங்-ஹீயின் உளவுத்துறை. அடித்து வாங்கிய வாக்குமூலம்தான் சாட்சி. சிலருக்கு மரண தண்டனை விதித்தார்கள். யென் நோட்டில் வடகொரிய வாடை அடிக்கிறதா என்று மட்டும் ஒரு அதிகாரியும் மோந்து பார்த்ததில்லை!

பின்னாளிலும் இந்தச் சந்தேகம் தீரவில்லை. 2015இல் லோட்டே குடும்பச் சண்டையில் ஷின்னின் மூத்த மகன் ஜப்பானிய மொழியில் பேட்டி கொடுத்தார். நாடே கொதித்தது: இது யாருடைய கம்பெனி? முதலீடு வந்த நாளில் இந்தக் கேள்வி எந்தப் பெட்டியில் பூட்டியிருந்ததோ!

ஒற்றர்கள் என்று பிடிக்கப்பட்ட அந்த மாணவர்கள் பலரைக் குற்றமற்றவர்கள் என்று மறுவிசாரணை நீதிமன்றங்கள் பின்னாளில் விடுவித்தன. 2019 ஜூனில் அதிபர் மூன் ஜே-இன் ஒசாகாவில் மன்னிப்புக் கேட்டார், 44 ஆண்டு கழித்து. ஷின்ஹான் வங்கி திறந்த நாளிலும், அவர்கள் சமூகம் பணம் கொடுத்த ஒலிம்பிக் நடந்த நாட்களிலும், அப்படிப் பிடிபட்டவர்களில் சிலர் சிறைக்குள்தான் இருந்தார்கள்.