சமவெளி நாளின் பிற்பகல் உறக்கம்: மிதிவண்டிப் பந்தயம் பார்த்து எழுதுவோர் குறித்த ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் பிரான்சு நாட்டுச் சாலைகளில் மூன்று வாரம் நடைபெறும் டூர் டி பிரான்ஸ் என்னும் மிதிவண்டிப் பந்தயத்தைப் பற்றி நூல்கள் குவிந்துள்ளன. வீரர்களின் தொடைத்தசை, இதயத்துடிப்பு, உணவு, சக்கரத்தின் எடை, ஊக்கமருந்து வழக்குகள் என ஆராயத்தக்க யாவும் ஆராயப்பட்டுவிட்டன. ஆயினும் அப்பந்தயத்தைத் தொலைக்காட்சியில் காணும் இல்லத்தார், வண்டிகள் சமவெளியில் ஓடும் நாள்களில், மதிய உணவுக்குப் பின் சோஃபாவில் சாய்ந்தபடியே உறங்கிப்போவதைப் புலமையுலகம் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. வீரர் நாலரை மணி நேரம் மிதிப்பதை அளப்பதற்குக் கருவி உண்டு. அதில் இரண்டு மணி நேரம் பார்வையாளர் உறங்குவதை அளப்பதற்குக் கருவி இல்லை. இக்கட்டுரை அக்குறையை நீக்க முற்படுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டோர் பார்வையாளர் அனைவரும் அல்லர். பிற்பகலில் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியபின், அன்றைய ஓட்டத்தைப் பற்றிக் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதிவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் மட்டுமே. எழுதும் பழக்கமில்லாதவர் உறங்கினால் இழப்பு அவருக்கு மட்டும்தான். எழுதுபவர் உறங்கினால் வரலாற்றில் ஒரு பள்ளம் விழுகிறது. அப்பள்ளம் குற்றமா, மரபா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

2. சொற்பொருள்

இப்பந்தயம் 21 கட்டங்களைக் கொண்டது; நாளொன்றுக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் ஓடி, இடையில் 2 ஓய்வு நாள்களும் சேர, 23 நாள்களில் முடிவது. கட்டங்கள் சமவெளிக் கட்டம், மலைக் கட்டம், ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் தனியோட்டம் எனப் பெரும்பாலும் மூவகைப்படும். வீரர்கள் ஒருவரையொருவர் ஒட்டி ஓடும் பெருந்திரளுக்குப் பெலோட்டான் என்று பெயர். அதை விட்டு முன்னே விலகிச் செல்லும் சிலரை இக்கட்டுரை பிரிந்தோடிகள் எனக் குறிக்கும்.

சமவெளிக் கட்டத்தின் கதைப்போக்கு பெரும்பாலும் மாறாதது. கொடி அசைந்த சிறிது நேரத்தில் இரண்டு மூன்று பேர் பிரிந்தோடுவர். பெலோட்டான் அவர்களைச் சில நிமிட இடைவெளி வரை போகவிடும். பின்னர் விரைவோட்டக்காரர்களின் அணிகள் முன்னே வந்து அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இறுதிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அவர்களைப் பிடிக்கும். முன்னவர் காற்றைக் கிழிக்க, பின்னவர் அந்த மறைவில் ஒட்டி ஓடிப் பெரும் உழைப்பை மிச்சப்படுத்துவதால், மூவருக்கு எதிராக நூற்றைம்பது பேர் வெல்வது இயற்பியலின் தீர்ப்பு. இன்னும் முன்னதாகவே பிடித்துவிட பெலோட்டானில் உள்ளோரால் முடியும். ஆனால் பிடித்த கணமே வேறு சிலர் பிரிந்தோடுவர் என்பதனால் வேண்டுமென்றே தாமதிப்பர். இந்தத் திட்டமிட்ட தாமதமே உறக்கத்தின் பொருளியல் அடிப்படை.

இனி, உறக்கம் மூவகைத்து. தலை மட்டும் தொங்கி, வர்ணனையாளரின் குரல் காதில் விழுந்துகொண்டிருப்பது கண்ணயர்வு. வீட்டார் எவரேனும் ரிமோட்டை எடுத்து வேறு சேனல் மாற்றினால், கண்ணைத் திறக்காமலேயே "பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்வது அரைத்துயில். ரிமோட்டை எடுத்து, சேனலை மாற்றி, ஒரு திரைப்படத்தின் பாதியைப் பார்த்து முடித்தாலும் எதிர்ப்பு எழாதது முழுத்துயில். இச்சோதனை எளியது, செலவற்றது, எந்த வீட்டிலும் செய்து பார்க்கத்தக்கது.

3. நிலமும் பொழுதும்

அகப்பொருள் இலக்கணம் கற்றோர், இவ்வொழுக்கம் எத்திணைக்குரியது என வினவக்கூடும். பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், நிகழ்வது பிரிதல். ஆகவே பாலை என்பதில் ஐயமில்லை. அப்பிரிவும் பொருள்வயிற் பிரிவே: பிரிந்தோடும் வீரருக்கு வெற்றி கிட்டாது என்பது அவருக்கே தெரியும், ஆயினும் சட்டையில் எழுதியுள்ள நிறுவனத்தின் பெயர் மூன்று மணி நேரம் திரையில் தெரியுமாதலால், சிறிய அணிகள் தம் ஆள்களை அவ்வாறு அனுப்புகின்றன. கருப்பொருள்களைக் கூறுமிடத்து, புள் ஹெலிகாப்டர், உணவு முலாம்பழம், ஒலி விளம்பர ஊர்வலத்தின் ஊதல். 1930 முதல் வீரர்களுக்கு முன்னே செல்லும் அவ்வூர்வலத்தின் வண்டிகள் தொப்பி, சாவிக்கொத்து, மிட்டாய் முதலியவற்றை வழியோரத்தாருக்கு வீசிச் செல்வன.

வீட்டினுள் உள்ள நிலையும் உறக்கத்துக்கே துணைநிற்கிறது. தென்பிரான்சில் கோடைக்காலத்தில், காலைக் குளிர்ச்சி நீங்குமுன்பே சன்னல்களின் வெளிப்புற மரக்கதவுகளைச் சாத்திவிட்டு, வெயில் தாழ்ந்தபின் திறப்பது வழக்கம். ஆகவே பந்தயம் ஒளிபரப்பாகும் நேரத்தில் கூடம் அரையிருளாக இருக்கும். கதவிடுக்கின் வழியே விழும் வெயிற்கோடு ஒன்று தரையில் நகர்ந்துகொண்டிருக்கும். திரையிலோ, ஹெலிகாப்டரிலிருந்து ஒரு கோட்டையைக் காட்டி, அதனைக் கட்டியவர் யார், பிற்காலத்தில் யார் கைக்குப் போயிற்று என வர்ணனையாளர் தணிந்த குரலில் விளக்கிக்கொண்டிருப்பார். 2017 முதல் எல்லாக் கட்டங்களும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேரலையாக ஒளிபரப்பப்படுவதால், இக்கோட்டைகளின் எண்ணிக்கையும் மிகுந்துவிட்டது. மடியில் நறுக்குவதற்கென வைத்த பீன்ஸ் பாத்திரத்தோடு உட்கார்ந்தவர் மூன்றாவது கோட்டையைத் தாண்டுவது அரிது.

4. உறக்க அளவையும் ஷாபாத் விதியும்

முன்னாள் பந்தய வீரரும் பின்னர் தொலைக்காட்சி வர்ணனையாளருமான ரோபேர் ஷாபாத் வகுத்த விதி ஒன்று, பந்தய உலகில் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிரிந்தோடியின் ஒரு நிமிட முன்னிலையை விழுங்குவதற்குப் பெலோட்டானுக்குப் பத்துக் கிலோமீட்டர் வேண்டும் என்பது அது. ஷாபாத் இதைப் பந்தயத்தின் முடிவை முன்னறிவதற்காகக் கூறினார். உறங்குவோருக்கு அது எவ்வளவு பயன்படும் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. அப்பணியை இக்கட்டுரை மேற்கொள்கிறது.

இலக்கை அடைய எஞ்சியுள்ள கிலோமீட்டரிலிருந்து, முன்னிலை நிமிடங்களைப் பத்தால் பெருக்கி வரும் தொகையைக் கழிக்க. மிச்சமே உறங்கத்தக்க தூரம். எடுத்துக்காட்டாக, 120 கி.மீ. எஞ்சியிருக்க, பிரிந்தோடிகள் 3 நிமிடம் முன்னே இருப்பின், 30ஐக் கழித்து 90 கி.மீ. உறங்கலாம். பெலோட்டான் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொண்டால் இது சரியாக 2 மணி நேரம். இவ்விதியின் நுட்பம் யாதெனில், முன்னிலை மிகும்போது உறங்கத்தக்க தூரம் குறைகிறது. அதாவது, பிரிந்தோடி வெல்லக்கூடும் என்ற ஐயம் வலுக்க வலுக்க, பார்வையாளர் விழித்திருக்கும் கடமையும் வலுக்கிறது. கணக்குத் தெரியாதவரும் அஞ்சவேண்டியதில்லை. இறுதி மூன்று கிலோமீட்டரில் வர்ணனையாளரின் குரல் உயரும் உயரத்தில் உறக்கம் தானே கலையும்.

5. எதிர்வாதமும் மறுப்பும்

சமவெளி நாளில் பெரிதாக ஒன்றும் நிகழாது என்னும் அடிப்படையே தவறு என்பார் உளர். அவர்கள் காட்டும் சான்று 2013ஆம் ஆண்டு தூர் நகரிலிருந்து சேன்-தமான்-மோன்ரோன் வரை நடந்த 13ஆம் கட்டம். மலையே இல்லாத 173 கி.மீ. வழி அது. ஆனால் அன்று பக்கக்காற்று அடித்தது. பக்கக்காற்று அடிக்கும்போது வீரர்கள் நேர்வரிசையில் மறைந்து ஓட இயலாமல், சாலையின் குறுக்கே சாய்வரிசையாக விரிவர். சாலையின் அகலத்துக்குள் அடங்காதவர் காற்றில் தனித்துவிடப்பட, பெலோட்டான் துண்டு துண்டாக உடையும். மொத்தக் கணக்கில் இரண்டாம் இடத்தில் இருந்த அலெஹாந்த்ரோ வல்வெர்தே, சக்கரம் பழுதானதால் பின்தங்கி, அவ்வரிசைகளை மீண்டும் எட்ட இயலாமல், ஏறத்தாழ 10 நிமிடம் இழந்தார். அன்று 90 கி.மீ. உறங்கியவர் விழித்தபோது, இரண்டாம் இடத்தில் வேறொருவர் இருந்தார்.

இவ்வாதம் வலியது, ஆயினும் விதியைத் தகர்ப்பதன்று, விதிக்குப் புறனடை கூறுவதே. மதிய உணவுக்குமுன் வானிலை அறிக்கையில் காற்றின் திசையைப் பார்த்துக்கொள்ளுதல் உறங்குவோர் கடன் என்பதே அதனால் பெறப்படும்.

உறக்கத்துக்குக் காரணம் பந்தயமன்று, கோடையே என்பது இரண்டாவது வாதம். இதைச் சோதிக்க இயற்கையே ஒரு வாய்ப்பை அளித்தது. 2020இல் பெருந்தொற்றின் காரணமாகப் பந்தயம் ஜூலையிலிருந்து தள்ளிவைக்கப்பட்டு, ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 20 வரை நடைபெற்றது. விடுமுறை முடிந்து, பள்ளிகள் திறந்து, பெரியவர் அலுவலகத்திலும் சிறியவர் வகுப்பிலும் இருந்த அக்காலத்தில் சோஃபாக்கள் காலியாகக் கிடந்தன. ஆகவே கோடையும் வேண்டும், பந்தயமும் வேண்டும், விடுமுறையும் வேண்டும். மூன்றில் ஒன்று குறையினும் இவ்வுறக்கம் உறக்கமாகாது, வெறும் களைப்பாகும்.

6. எழுத்துச் சான்று

பொழுதுபோக்கு எழுத்தாளரின் குறிப்பேட்டைக் கூர்ந்து நோக்குவோர்க்கு உறக்கம் தன் தடயத்தை மறைப்பதில்லை. பக்கத்தின் தலைப்பில் ஊர்ப்பெயர், தூரம், காற்று, பிரிந்தோடிகளின் பெயர் ஆகியவை திருத்தமான எழுத்தில் இருக்கும். "118 கி.மீ. மீதம், இடைவெளி 3 நிமிடம் 20 விநாடி" என்ற வரியின் கடைசிச் சொல் சற்றே கீழிறங்கும், அடுத்த வரியின் நடுவில் பேனா ஒரு நீண்ட கோட்டை இழுத்துக்கொண்டு தாளின் ஓரம்வரை போய் நின்றிருக்கும். அதற்கு அடுத்த வரி, வேறு மையழுத்தத்தில், அவசர எழுத்தில், "27 கி.மீ. மீதம்" என்று தொடங்கும். இடைப்பட்ட 91 கிலோமீட்டர் அக்கோட்டில் அடங்கியுள்ளது.

மாலையில் அவர் எழுதும் கட்டுரையிலோ இப்பள்ளம் தெரிவதில்லை. "பெலோட்டான் பொறுமையாகக் காத்திருந்தது" என்ற ஒரு வாக்கியத்தால் அது நிரப்பப்படுகிறது. இதைப் பொய் என்று கடிந்துரைப்போர், இப்பந்தயம் பிறந்த வகையை அறியாதோர். டூர் டி பிரான்ஸ், லோத்தோ என்னும் விளையாட்டு நாளேடு தன் விற்பனையைப் பெருக்குவதற்காக 1903இல் தொடங்கியது. யோசனை சொன்னவர் இளம் செய்தியாளர் ஜியோ லெஃபெவ்ர், நடத்தியவர் ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ். முதற்கட்டம் பாரிசிலிருந்து லியோன் வரை 467 கி.மீ.; வென்ற மொரிஸ் கரானுக்கு அதற்கு ஏறத்தாழ 17 மணி 45 நிமிடம் ஆயிற்று. ஓட்டம் இரவு முழுவதும் இருட்டில் நடந்தது. லெஃபெவ்ர் பாதித் தூரம் ரயிலிலும் பாதித் தூரம் மிதிவண்டியிலுமாக ஊர் ஊராகச் சென்று செய்தி திரட்டினார். எவரும் முழுமையாகப் பார்த்திராத ஓட்டத்தைப் பற்றி எழுத, சிறிதும் பார்த்திராத மக்கள் வாங்கிப் படித்தனர். லோத்தோ அச்சான தாள் மஞ்சள் நிறம். 1919 முதல் பந்தயத்தில் முந்தியிருப்பவர் அணியும் சட்டையும் மஞ்சளே.

பின்வந்த சான்றுகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. 1913இல் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது இவ்ஜென் கிறிஸ்தோஃபின் வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவி பெறலாகாது என்பது விதியாதலால், அவர் வண்டியைச் சுமந்து மலையடிவாரச் சிற்றூர்வரை நடந்து, கொல்லர் பட்டறையில் தாமே அதைப் பற்றவைத்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதிக்கொடுத்ததற்காக நடுவர்கள் அவருக்கு நேரத் தண்டம் விதித்தனர். இதற்கு நகரும் படம் ஏதும் இல்லை. எழுத்து உண்டு, அது போதுமாயிற்று. 1924இல், முந்திய ஆண்டின் வெற்றியாளரான ஆன்ரி பெலிசியே, அணிந்த சட்டைகளின் எண்ணிக்கை பற்றிய தகராற்றில் பந்தயத்தை விட்டு விலகியபோது, இதழாளர் அல்பேர் லோந்த்ர் அவரைக் குத்தான்ஸ் ஊரில் ஒரு காபிக் கடை மேசையில் சந்தித்து எழுதிய செய்தியே அவ்வாண்டின் பந்தயத்தில் இன்றும் நினைக்கப்படுவது. அச்செய்திக்காக அவர் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தையும் பார்க்கவேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தம் நூலில் இப்பந்தயத்தைக் காப்பியமாகக் கொண்டு ஆராய்ந்ததும் பொருத்தமே. காப்பியத்துக்கு வேண்டியவன் புலவன், கண்கண்ட சாட்சி அல்லன்.

இன்றும் பந்தயத்தைப் பின்தொடரும் செய்தியாளர் பலர், இலக்கருகே அமைத்த பத்திரிகையாளர் கூடத்தில் தொலைக்காட்சித் திரையைப் பார்த்தே எழுதுகின்றனர். இல்லத்தார் பார்ப்பதும் அதே திரைதான். வேறுபாடு, அங்கு இருப்பவை நாற்காலிகள் என்பதே.

7. முடிபு

மேற்கூறியவற்றால், சமவெளி நாளின் பிற்பகல் உறக்கம் கடமை தவறுதல் அன்று என்பதும், காணாததை எழுதுதல் இப்பந்தயத்தின் பிறப்புரிமை என்பதும் பெறப்பட்டன. ஆயினும் உரிமைக்கு வரம்பு உண்டு. மலைக் கட்டத்தில் உறங்கலாகாது. ஏற்றத்தில் காற்று மறைவின் பயன் பெரிதும் குன்றிவிடுவதால் ஷாபாத் விதி அங்குச் செல்லாது. பக்கக்காற்று நாளில் கண்ணயரலாம், முழுத்துயில் கூடாது. ஓய்வு நாளில் உறங்குவோர் பந்தயத்தைக் காரணம் காட்டலாகாது.

எழுதுவோர்க்கு ஒரு விதி மட்டும் கூடுதலாக உண்டு: உறங்கிய தூரத்தைக் குறிப்பேட்டில் உறங்கிய தூரம் என்றே பதிக. 21 கட்டங்களையும் ஒரு கிலோமீட்டர் விடாமல் பார்த்ததாகக் காட்டும் குறிப்பேட்டை ஆதாரமாகக் கொள்ளவேண்டா. அதை எழுதியவர் ஒன்று பொய்யர், அல்லது வீட்டில் சோஃபா இல்லாதவர்.