பேசாத இருவர், ஓர் அணி

கே: நடுநிலைப் பள்ளிக் கால்பந்து அணியில் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இரு மாணவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை, இந்த அணி எங்கே கோப்பை வாங்கப் போகிறது?

ப: ஆண்டி கோலும் டெடி ஷெரிங்காமும் பேசிக்கொண்டார்களா? 1995இல் இங்கிலாந்து அணிக்காக மாற்று வீரராகக் களமிறங்கிய தம்மை, வெளியேறிய ஷெரிங்காம் பொருட்படுத்தவில்லை என்று ஆண்டி கோல் பின்னர் கூறிய அந்தப் பிணக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தபோதிலும், முன்கள வீரர்களான, அதாவது எதிரணியின் வலையை நோக்கியே ஆடுபவர்களான அவ்விருவரும், 1999இல் மான்செஸ்டர் யுனைடெட் ஒரே பருவத்தில் மூன்று பெரும் கோப்பைகளை வென்றபோது அந்த அணியில்தான் இருந்தனர்.

எனினும், ஊதியம் பெறும் பெரியவர்களால் தாங்க முடிந்த மௌனத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மீது சுமத்துவது நியாயமன்று. வெளியே வந்தவர் அதே ஆட்டத்தில் மீண்டும் உள்ளே செல்லலாம் என்னும் மறுவருகை முறையை, தேசியக் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதலோடு இளையோர் ஆட்டங்களுக்கு விதிகளே அனுமதிப்பதால், உடற்கல்வி ஆசிரியர் இருவரையும் மாறி மாறி இறக்கலாம்; ஒருவரைச் சற்றுப் பின்னே நடுக்களத்தில் நிறுத்தி, மற்றவருக்குப் பந்து கொடுக்கவும் பழக்கலாம்.