வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து...

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அலுவலக வாசல் டீக்கடையில் ஒருவர் மெதுவடையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். தாளில் சிரித்துக்கொண்டிருந்த அமைச்சர் எண்ணெயில் ஊறி, பின்பக்கத்து வரி விளம்பரம் அவர் முகத்தில் தெரிய ஆரம்பித்த பிறகுதான் விடுவார். "டயட்ல இருக்கேன் சார், எண்ணெய் ஆகாது" என்று விளக்கமும் தருவார். இவர்தான் திங்கட்கிழமைக்காரர்.

இவரை முதல் நாள் பார்த்திருக்க வேண்டும். விடிவதற்குள் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாலு சுற்று. வெளியே வந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் அருகம்புல் சாறு. டிபன் பாக்ஸில் வெள்ளரிக்காயும் முளைகட்டிய பயறும். மதியம் சாம்பார் சாதத்துக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரரிடம், வெள்ளை அரிசி எப்பேர்ப்பட்ட விஷம் என்று அரை மணி நேரப் பிரசங்கம். பாவம், அந்த மனிதர் ரசத்துக்குப் போகாமலேயே எழுந்துவிட்டார். அன்று சாயங்காலமே பெல்ட் லூசாகிவிட்டதாக இவர் அறிவித்ததும் நினைவிருக்கிறது.

மறுநாள்தான் அந்த வடை. ஒரு வடை தின்று யாரும் குண்டானதில்லை. வேடிக்கையெல்லாம் வடைக்கு அப்புறம்தான். "இன்னிக்கு கெட்டுப்போச்சு, இனிமே என்ன" என்று மதியம் பிரியாணி, ராத்திரி பரோட்டா சால்னா. புதன்கிழமை கேட்டால், "வாரமே போச்சு சார். முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு? வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து சுத்தமா ஆரம்பிச்சுடறேன்." நனைந்தது என்னவோ விரல் நுனிதான். மிச்சத்தையும் ஐந்து நாள் தண்ணீரில் இறங்கி நின்று இவரே நனைத்துக்கொள்வார்.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. ஹெர்மன், மாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1975இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை எடுத்து வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள் என்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், வயிறு ஓரளவு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாடு உள்ளவர்களோ, மில்க் ஷேக் உள்ளே போனதும் ஐஸ்கிரீமைக் கூடுதலாகத் தின்றார்கள். நம்மவர் வடையை வைத்து வாராவாரம் இதை நிரூபித்துக்கொண்டிருக்கிறார். சம்பளமில்லாத ஆராய்ச்சி.

திங்கட்கிழமையாவது ஒழுங்காக வருமா என்றால் அதுவும் இல்லை. 2024இல் பொங்கல் பண்டிகையே திங்கட்கிழமையில் வந்தது. 2025 தீபாவளியும் அப்படியே, அக்டோபர் 20. பஞ்சாங்கமே எதிராக நிற்கும்போது மனிதன் என்ன செய்வான்? நவராத்திரி மட்டும் பாதகமில்லை. சுண்டல் புரோட்டீன் என்பதால் ஒன்பது வீட்டிலும் ஏறி இறங்கலாம்.

இவர் வீட்டுச் சமையலறையின் மேல் தட்டு ஒரு தனி அருங்காட்சியகம். கிரீன் டீ, சியா விதை, ஆப்பிள் சிடர் வினிகர் எல்லாம் பாதி பாதி. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது வாங்கிய குதிரைவாலி இன்னும் பிரிக்கப்படவில்லை. சாமையை மட்டும் ஒருமுறை பிரித்தார்கள். நெய்யும் முந்திரியுமாக வெண்பொங்கல் ஆனது. "சிறுதானியம்தானே" என்று மூன்று தட்டு ஆயிற்று. போன வாரம் ஓட்ஸ் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவர் மனைவி சொன்னார்: "என்னங்க, இந்த வீட்டுல ஒழுங்கா டயட்ல இருக்கறது இந்த வண்டு மட்டும்தான்."

ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் மட்டும் இவர் முனிவர். வெறும் வயிற்று சர்க்கரை அழகாக வரும். ஆனால் ஹெச்பிஏ1சி என்று ஒன்று இருக்கிறதே, அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைப் போட்டுக்கொடுத்துவிடும். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மூணு நாளா நல்லா இருந்திருக்கீங்க சார், அதுக்கு முன்னாடி எங்க போயிருந்தீங்க?" என்றார்.

இத்தனைக்கும் குரு வீட்டிலேயே இருக்கிறார். இவருடைய அம்மா கல்யாண வீட்டில் ஜாங்கிரியை விடமாட்டார், பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்குவார். ராத்திரி, "வயிறு திம்முனு இருக்குடா" என்று ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிடுவார். மறுநாள் காலை எப்போதும்போல் இரண்டு இட்லி. விசாரணைக் கமிஷனும் இல்லை, தேதி அறிவிப்பும் இல்லை. எழுபத்தெட்டு வயதில் பேரனின் கல்யாணப் புடவைக்கு அதே பழைய அளவில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறார். மகனுக்கு இது டயட்டாகவே படவில்லை. ஆப் எதுவும் இல்லையே!

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பிறந்தநாள் கேக், குலதெய்வம் கோயில் லட்டு என்று எதையாவது அவரிடம் நீட்டியே ஆக வேண்டுமென்றால் தயவுசெய்து செவ்வாய்க்கிழமை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சேதாரம் குறைவு.