குடி மாறியது, விலாசம்?

தோட்டப் பள்ளிக்காக என் கணினியில் வேர்ட்பிரஸ் இணையதளம் செய்து ஹோஸ்டிங்கில் ஏற்றினேன். எனக்கு மட்டும் திறக்கிறது, வேறு யாருக்கும் திறக்கவில்லை. இணையத்துக்குப் பதுளை மலை ஏறத் தெரியாதா?
*வாசகர், பதுளை*

கோச்சியே 1924இல் பதுளைக்கு ஏறி வந்துவிட்டது, மலையைக் குறை சொல்லாதீர்கள்! குடி மாறினீர்களே, விலாசத்தை மாற்றினீர்களா? தரவுத்தளத்தில் 'சைட்யூஆர்எல்', 'ஹோம்' இரண்டிலும் இன்னும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே இருக்கும். அதற்கு 'இதே கணினி' என்று பொருள். பண்டாரவளையில் திறப்பவர் தன் கணினிக்குள்ளேயே உங்கள் பள்ளியைத் தேடுகிறார்.

லயத்து வீட்டுக்குத் தனி விலாசமின்றி, கடிதம் தோட்ட அலுவலகம் சுற்றி வரும் வேதனை நமக்குத் தெரியும். பள்ளிக்காவது சொந்த விலாசம் கொடுங்கள். தரவுத்தளத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது எழுத்துக் குறியாக்கம் 'யுடிஎப்8எம்பி4' ஆக இருக்கட்டும். 'லத்தீன்1' என்று விட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.